கணினி கேள்வி-பதில்: கிட் பேட்ச் சப்வெர்ஷனில் ஏறுமா?

அஸ்தம்பட்டியில் வீட்டில் இருந்தபடியே சென்னை கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். நிரலில் யார் எதை மாற்றினார்கள் என்று பதிந்துவைக்க அங்கே இன்னும் சப்வெர்ஷன்தான். எனக்குப் பழகியது அதே வேலையைச் செய்யும் கிட், அதனால் லேப்டாப்பில் கிட் வைத்துக்கொண்டு 'கிட் டிஃப்' எடுத்து, மாறிய வரிகள் மட்டும் உள்ள அந்த ஃபைலை (பேட்ச்) மெயிலில் அனுப்புகிறேன். "ஃபைலே இல்லைன்னு சொல்லுது, சப்வெர்ஷன் பேட்சா மாத்தி அனுப்பு" என்கிறார் டீம் லீட். மாற்றித்தர சாஃப்ட்வேர் இருக்கிறதா?
- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

சாஃப்ட்வேரெல்லாம் தேடாதீர்கள். உங்கள் பேட்சை நோட்பேடில் திறந்து பாருங்கள். பிளஸ், மைனஸ் போட்ட வரிகளும், அவற்றுக்கு மேலே '@@' போட்டு வரி எண் சொல்லும் வரியும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். வித்தியாசம் ஃபைல் பெயரில். கிட், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'ஏ/', 'பி/' என்று இல்லாத ஃபோல்டர் இரண்டைச் சேர்த்துவிடும், சப்வெர்ஷன் சேர்க்காது. உங்கள் டீம் லீட் பழைய 'பேட்ச்' நிரலில் '-பி0' கொடுத்து ஏற்றுகிறார் போலிருக்கிறது, அதாவது பாதையில் எதையும் வெட்டாதே என்று பொருள், அது பாவம் 'ஏ' என்ற ஃபோல்டரைத் தேடிவிட்டு இல்லை என்கிறது. அவர் '-பி1' கொடுத்தால் முதல் படி வெட்டப்பட்டு வேலை முடிந்தது. அவரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் நீங்களே 'கிட் டிஃப் --நோ-ப்ரிஃபிக்ஸ்' என்று எடுத்து அனுப்பிவிடுங்கள். சப்வெர்ஷன் 1.7-இல் இருந்து 'எஸ்விஎன் பேட்ச்' என்று தனிக் கட்டளையே உண்டு, அதில் முதலில் '--ட்ரை-ரன்' போட்டுப் பார்த்தால் எதையும் தொடாமல் எது ஏறும், எது ஏறாது என்று சொல்லிவிடும்.

அவர்கள் அனுப்பும் சப்வெர்ஷன் பேட்ச் உங்களிடம் ஏற வேண்டுமானால் 'கிட் அப்ளை -பி0'. ஒன்று கவனியுங்கள், கிட் அப்ளை ஓர் இடத்தில் இடித்தால்கூட மொத்தத்தையும் விட்டுவிடும். '--ரிஜெக்ட்' சேர்த்தால் ஏறுவதை ஏற்றிவிட்டு, ஏறாத துண்டுகளைத் தனி ஃபைலில் வைக்கும், அதைக் கையால் பார்த்துக்கொள்ளலாம். பேட்ச் சரியாக இருந்தும் மொத்தமாக இடிக்கிறதென்றால் பெரும்பாலும் விண்டோஸ், லினக்ஸ் வரி முடிவுச் சண்டைதான், வரி முடிவதைக் குறிக்க இரண்டும் வெவ்வேறு குறி போடும். '--இக்னோர்-வைட்ஸ்பேஸ்' போட்டுப் பாருங்கள்.

அப்புறம், சப்வெர்ஷனில் நீங்கள் எந்த ஃபோல்டரில் நின்று டிஃப் எடுக்கிறீர்களோ அங்கிருந்துதான் பாதை தொடங்கும், கிட் எங்கே நின்றாலும் ரெப்போவின் (மொத்த நிரலும் இருக்கும் களஞ்சியம்) உச்சியில் இருந்து எழுதும். இது புரியாமல்தான் பாதிப் பேர் வரி எண்ணை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். '--ரிலேட்டிவ்' சேர்த்தால் கிட்டும் நிற்கும் இடத்தில் இருந்து எழுதும். லாரி வால் 1985-இல் 'பேட்ச்' நிரலை வெளியிட்டார், கிட் வந்தது 2005-இல். இருபது வருடம் மூத்ததுக்கு இளையது ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது என்று எனக்கும் எரிச்சல்தான்.

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டின் கணக்கு மென்பொருளை மெர்க்குரியலில் (கிட் போலவே இன்னொன்று) பராமரிக்கிறேன். சேலத்தில் இருந்து உதவும் தம்பி கிட்தான் பயன்படுத்துவான். என் பேட்சை அவன் ஏற்றினால் என் பெயர் போய்விடுகிறது, பெயர் மாற்றிய ஃபைல் புதிய ஃபைலாக நிற்கிறது, லோகோ படம் வருவதே இல்லை.
- ஒரு வாசகி, ஏற்காடு

உங்கள் கேள்விதான் உண்மையான கேள்வி. நிரல் வரிகள் பத்திரமாகப் போய்விடும், வழியில் தொலைவதெல்லாம் வரியாக இல்லாதவைதான்: யார் எழுதியது, எப்போது, பெயர் மாற்றம், படம், ஃபைலை நிரலாக ஓட்டலாம் என்ற இயக்க அனுமதி. மெர்க்குரியலின் வழக்கமான டிஃப் வடிவத்தில் பெயர் மாற்றத்துக்கும் படத்துக்கும் இடமே கிடையாது. அதனால் 'எச்ஜி எக்ஸ்போர்ட் --கிட்' என்று எடுங்கள் ('எச்ஜி' என்பது மெர்க்குரியலின் கட்டளை). ஒவ்வொரு முறையும் மறந்துவிடும் என்றால் மெர்க்குரியலின் அமைப்புகள் இருக்கும் எச்ஜிஆர்சி ஃபைலில் டிஃப் பகுதியின் கீழ் 'கிட் = ட்ரூ' என்று எழுதிவிடுங்கள்.

தம்பி அதை 'கிட் அப்ளை' செய்யக்கூடாது, அது வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே உள்ள பெயரைக் கண்டுகொள்ளாது. 'கிட் ஏஎம்' போடச் சொல்லுங்கள், அதற்கு மெர்க்குரியல் பேட்சைப் படிக்கத் தெரியும், உங்கள் பெயரும் குறிப்பும் அப்படியே கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) உட்காரும். அவன் திருப்பி அனுப்பும்போது 'கிட் ஃபார்மட்-பேட்ச்', நீங்கள் 'எச்ஜி இம்போர்ட்'.

முதல் கேள்வி கேட்டவருக்கும் இதில் சேதி இருக்கிறது. சப்வெர்ஷனின் சாதாரண டிஃபில் படம் வரவே வராது, காட்ட முடியாது என்று ஒரு வரி மட்டும் நிற்கும். படத்தைத் தனியாக அனுப்பிவிடுங்கள், வேறு சாமர்த்தியம் வேண்டாம்.

பேட்சை வாட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்பினேன். 'கரப்ட் பேட்ச்' என்கிறது.
- ஒரு கல்லூரி மாணவர், அம்மாபேட்டை

சொல்லாமல் இருக்குமா! மாறாத வரி ஒவ்வொன்றும் ஓர் இடைவெளியில் தொடங்க வேண்டும், காப்பி-பேஸ்ட்டில் முதலில் காணாமல் போவது அதுதான், டேப் இருந்த இடத்திலும் வெற்றிடம் வந்து நிற்கும். ஃபைலாக இணைத்து அனுப்புங்கள், முடிந்தால் ஜிப் போட்டு.