ஊட்டிப் பள்ளத்தில் பூக்காத ஆப்பிள்: வேறு என்ன நடலாம்?

கேள்வி: ஊட்டிக்குப் பக்கத்தில், ஓடைப் பள்ளத்தை ஒட்டி வீடு. பின்பக்கம் 4 சென்ட் சரிவான இடம். இமாச்சலில் இருந்து வரவழைத்த ரெட் டெலிசியஸ் ஆப்பிள் இரண்டு மரம் 5 வருஷமாக நிற்கிறது, பூவே இல்லை. வேறு என்ன பழ மரம், செடி வைக்கலாம்?

பதில்: உரத்தைக் கூட்டிப் பயனில்லை. 7 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய 1,000 மணி நேரக் குளிர் கிடைத்தால்தான் ரெட் டெலிசியஸ் மொட்டு ஒழுங்காக விழிக்கும். ஊட்டியில் ராத்திரி உறைபனி கொட்டினாலும் பகல் வெயில் 20 டிகிரியைத் தொடுகிறது. சேர்ந்த குளிரில் ஒரு பங்கு அன்றன்றைக்கே கழிந்துவிடும். கிளை நுனியில் மட்டும் கொத்தாக இலை, அதற்குக் கீழே வெறும் குச்சி என்று நின்றால் சந்தேகமே வேண்டாம், குளிர்ப் பற்றாக்குறைதான்.

அதற்காக மரத்தைப் பிடுங்காதீர்கள். ஜனவரிக் கடைசியில், மொட்டு உப்புவதற்கு முன், கிளைகளை வெட்டி ஆப்பு ஒட்டு கட்டுங்கள் (வெட்டிய முனையைப் பிளந்து, ஆப்புபோல் சீவிய வேறு ரகக் குச்சியைச் செருகிக் கட்டுவது). ஒரு மரத்தில் 'அன்னா', இன்னொன்றில் 'டார்செட் கோல்டன்', இரண்டும் குறைந்த குளிரிலேயே பூக்கும் ஆப்பிள் ரகங்கள். இரண்டுக்கும் 300 மணி நேரம் போதும். ஒன்றின் மகரந்தம் மற்றதற்கு வேண்டும் என்பதால் தனியாக ஒன்றை வைத்தால் காய்ப்பு சொற்பம்தான்.

புதிதாக நட, முதல் இடம் பேரிக்காய்க்கு. பிளம்ஸுக்கும் பீச்சுக்கும் பிந்தி பூப்பதால் உறைபனியில் பெரும்பாலும் தப்பிக்கும். நாட்டுப் பேரி, கீஃபர் இரண்டில் ஒவ்வொன்று, 5 மீட்டர் இடைவெளியில். பிளம்ஸ் இரண்டு ரகமாக வேண்டும், ரூபியோவும் கெல்சியும் மாதிரி. ஒரே ரகம் மட்டும் என்றால் பூ உதிர்ந்துகொண்டே இருக்கும். பீச் தன்னாலேயே காய்க்கும், ஒன்று போதும்.

குளிர்காற்று தண்ணீர் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே பிளம்ஸும் பீச்சும் மேட்டுப் பக்கம், வீட்டுச் சுவரை ஒட்டி, பேரி கீழே. கீழ் ஓரத்தில் அடர்ந்த வேலி இருந்தால் அங்கங்கே வழி விடுங்கள், இல்லாவிட்டால் தோட்டம் முழுக்கப் பனி கட்டும்.

ஜூனில் மழை பிடித்ததும் நடலாம். 60 செ.மீ. நீள, அகல, ஆழக் குழி; மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழு உரம், மண்ணின் புளிப்பைக் குறைக்க அரைக் கிலோ டோலமைட் (சுண்ணாம்புக் கல் தூள்). ஒட்டுக் கட்டு தரைக்கு 15 செ.மீ. மேலே நிற்கட்டும். அது மண்ணுக்குள் போனால் ஒட்டுக்கிளையே வேர்விட்டு, அடிச்செடியின் (ஒட்டுக்கு வேர் தரும் கீழ்ச்செடி) பலன் போய்விடும். ஒட்டுக்குக் கீழே கிளைப்பதை அன்றைக்கே கிள்ளிவிடுங்கள்.

கவாத்தில்தான் பலரும் கெடுக்கிறார்கள். பேரியும் பிளம்ஸும் பழைய கிளையில் இருக்கும் குட்டைக் குச்சிகளில் வருஷா வருஷம் காய்க்கும். அவற்றைச் சீவினால் காய்ப்பு போச்சு. நெட்டுக்குத்தாக ஓடும் போத்துகளை மட்டும் டிசம்பர், ஜனவரியில் எடுங்கள். பீச் நேர்மாறு: போன வருஷம் விட்ட குச்சியில்தான் பூக்கும், காய்த்த குச்சி திரும்பக் காய்க்காது. எனவே மூன்றில் ஒரு பங்கு வெட்டியே ஆகவேண்டும். பீச் இலை சிவந்து கொப்புளம்போல் சுருளும் நோய்க்கு, மொட்டு உப்பும்போதே 1 சத போர்டோ கலவை (100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ) அடிக்க வேண்டும். இலை சுருண்டபின் அடிப்பது வீண்.

செடிகளில் ஸ்ட்ராபெர்ரி சுலபம்: மேட்டுப்பாத்தி, 30 செ.மீ. இடைவெளி, காய் மண்ணில் படாமல் வைக்கோல் மூடாக்கு. புளூபெர்ரிக்கு உங்கள் புளிப்பு மண்ணே தோது. அங்கே மட்டும் டோலமைட் போட்டுவிடாதீர்கள். மரத்தக்காளி உறைபனியில் ஒரே ராத்திரியில் கருகும், சுவரோரம் இடமிருந்தால் ஒன்று வைக்கலாம். தவிட்டுப்பழச் செடியை வேலியோரத்தில் விட்டுவிட்டால் போதும், அது பார்த்துக்கொள்ளும்.

பேரியை மரத்திலேயே பழுக்க விட்டால் உள்ளே பழுப்பேறி மாவாகும். கெட்டியாக இருக்கும்போதே, காயைத் தூக்கினால் காம்பு இலகுவாக விடுபடும் பருவத்தில் பறித்து வீட்டில் பழுக்க வையுங்கள். கீழே விழுந்த பழத்தையும் அன்றாடம் பொறுக்கிவிடுங்கள். அழுகினால் பழ ஈ பெருகும், வாசத்துக்குக் கரடியும் வரும்.