ரிக் ஏன் இல்சாவை அனுப்பி வைத்தான்?

கேள்வி: 'காசாபிளாங்கா' படத்தை எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்களே என்று போன வாரம் உட்கார்ந்து பார்த்தேன். ரிக் தான் காதலித்த இல்சாவை அவள் கணவனோடு விமானம் ஏற்றி அனுப்பிவிடுகிறான், அவ்வளவுதான். 1942-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படத்தில் இன்னும் என்ன இருக்கிறது? (வாசகி, திருச்சி)

பதில்: கதையை மட்டும் எடுத்துக்கொண்டால் நீங்கள் சொல்வது சரிதான், இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்தக் காதல் எந்த இடத்தில் நடக்கிறது என்று பாருங்கள். பாரிஸ் ஜெர்மானியர் கைக்குப் போனதும் தப்பி ஓடியவர்கள் மார்செய் போய், கடல் தாண்டி அல்ஜீரியாவின் ஓரானில் இறங்கி, ரயிலிலோ காரிலோ நடந்தோ மொராக்கோவின் காசாபிளாங்கா நகருக்கு வந்து சேர்கிறார்கள். அங்கிருந்து லிஸ்பனுக்கு விமானம் கிடைத்தால் அப்புறம் அமெரிக்கா, கிடைக்காவிட்டால் காத்திருப்பு. ரிக் அங்கே நடத்துகிற விடுதியில் கூடியிருக்கும் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் ஒரு காகிதத்துக்காகக் காத்திருப்பவர்கள். வைரத்தை அடிமாட்டு விலைக்கு விற்கிற பெண், அமெரிக்கா போகப்போகிறோம் என்று தப்பும் தவறுமாக ஆங்கிலம் பேசிப் பழகுகிற வயதான தம்பதி, கணவனுக்கு விசா வாங்க அதிகாரியிடம் தன்னையே கொடுக்க வேண்டி வந்தால் அவன் மன்னிப்பானா என்று ரிக்கிடம் கேட்கிற அந்தப் பல்கேரியப் பெண்! அவளிடம் வெடுக்கென்று பேசிவிட்டு எழுந்து போகிற ரிக், நேராகச் சூதாட்ட மேசைக்குப் போய் அவள் கணவனை ஜெயிக்க வைப்பான். விமான நிலையக் காட்சியைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். கடைசியில் இல்சாவுக்குச் செய்யப்போவதை, முன்பின் தெரியாத ஒருத்திக்கு இங்கேயே செய்துவிடுகிறான்.

அப்புறம் அந்தப் பாட்டு. ஜெர்மன் அதிகாரிகள் தங்கள் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும்போது இல்சாவின் கணவன் லாஸ்லோ எழுந்து பிரெஞ்சு தேசிய கீதத்தை வாசிக்கச் சொல்வான், வாத்தியக்காரர்கள் ரிக்கைப் பார்ப்பார்கள், ரிக் லேசாகத் தலையசைப்பான். அதில் கண்ணீரோடு பாடுகிற இவோன் ஞாபகம் இருக்கிறதா? நடித்தவர் மதலின் லெபோ, பிரான்சிலிருந்து லிஸ்பன் வழியாகத் தப்பி வந்தவர். சூதாட்ட மேசையில் நிற்கிற மார்செல் தாலியோ அவருடைய அப்போதைய கணவர், யூதர். நாஜி மேஜராக வருகிற கான்ராட் ஃபைட், நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் யூத மனைவியோடு ஜெர்மனியை விட்டுக் கிளம்பியவர். படமெடுத்த 1942 கோடையில் போரில் யார் ஜெயிப்பார்கள் என்று அந்த அரங்கில் ஒருவருக்கும் தெரியாது, ஊர் திரும்ப முடியுமா என்பதும் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் காட்சியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். ரிக் ஏன் அவளை அனுப்பினான் என்பதற்கு எனக்கு அங்கேதான் பதில் கிடைத்தது.

கேள்வி: இல்சா உண்மையில் யாரைத்தான் காதலிக்கிறாள்? இரண்டு தடவை பார்த்தும் பிடிபடவில்லை. (வாசகர், மதுரை)

பதில்: இல்சாவாக நடித்த இங்க்ரிட் பெர்க்மனும் இதையேதான் கேட்டார். படப்பிடிப்பு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, திரைக்கதையை இன்னொரு பக்கம் எழுதிக்கொண்டிருந்தார்கள். யாரோடு போகப்போகிறேன் என்று கேட்டதற்கு, இரண்டுக்கும் நடுவில் வைத்து நடியுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். அந்தத் தவிப்பு முகத்திலேயே இருக்கிறது, ரிக்கைப் பார்க்கும்போதும் லாஸ்லோவைப் பார்க்கும்போதும். என்னைக் கேட்டால், இரண்டு பேரையும்தான்.

கேள்வி: ரிக்கின் விடுதியில் பியானோக்காரராக வரும் சாம் உண்மையிலேயே பியானோ வாசிக்கிறாரா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இல்லை. சாமாக நடித்த டூலி வில்சன் டிரம்ஸ் கலைஞர், பியானோ வாசிக்கத் தெரியாது. குரல் மட்டும் அவருடையதே. விரல்களை விடுங்கள், இல்சா ஒரு பழைய பாட்டை வாசிக்கச் சொன்னதும், ரிக்குக்காக, அது மறந்துபோய்விட்டது என்று சாம் பொய் சொல்வாரே, அப்போது அவர் முகத்தைப் பாருங்கள்.