வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள்

வணக்கம் ஐயா,

குரோம்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். மகள் பதினொன்றாம் வகுப்பு. சுபான்ஷு சுக்லா விண்வெளிக்குப் போய்வந்ததிலிருந்து அவளுக்கு ராக்கெட் தவிர வேறு பேச்சில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பில் நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது நான் சொன்னேன்: "அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 500 கோடிக்கு மேல் கொடுத்து ஒரு சீட் வாங்கியிருக்கிறோம். அந்தப் பணத்தில் எத்தனை அரசு ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் மெஷின் வாங்கலாம்? பெரிய பணக்காரர்கள் பத்து நிமிஷம் மேலே போய் மிதந்துவிட்டு வருகிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?" மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நாலு நாளாக 'சரி', 'வேண்டாம்' தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொன்னது தப்பா? தனியார் கம்பெனிகள் ஆளை மேலே அனுப்புவதால் யாருக்கு என்ன பிரயோஜனம்? அவளை ஏரோநாட்டிக்கல் படிக்க விடலாமா? எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி) வேறு பக்கத்திலேயே இருக்கிறது, அதைக் காட்டிக் காட்டிப் பேசுகிறாள்.

பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

முதலில் போய் மகளிடம் பேசுங்கள். பதினாறு வயதுப் பெண் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்றை நாலு பேர் முன்னால் விலை போட்டுப் பேசினீர்கள், அது தப்பு. உங்கள் கருத்து சரியா தவறா என்பது வேறு விஷயம், அதை அவளிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம், அவளும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள், வீட்டுக்கு நல்லது. நாலு நாள் பேசாமல் இருக்கிறாள் என்றால் அவளுக்கு அது எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஆஸ்பத்திரிக் கணக்கில் நான் அதிக நேரம் நிற்கப் போவதில்லை. 2024–25இல் ஒன்றிய அரசின் பட்ஜெட் 48 லட்சம் கோடிக்கு மேல், அதில் விண்வெளித் துறைக்கு 13,000 கோடி சொச்சம். ஸ்கேன் மெஷின் இல்லாததற்கு ராக்கெட் காரணமில்லை. வாங்கிய மெஷினை ஓட்ட ஆள் போடாமல் மாதக்கணக்கில் உறை போட்டு மூடி வைத்திருந்ததை என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் கண்ணால் பார்த்தவன் நான். அதைப் போய்க் கேளுங்கள், கூட நானும் வருகிறேன்.

பணக்காரர்களின் பத்து நிமிஷமும் அப்படித்தான். 2021 ஜூலை 20 அன்று ஜெஃப் பெசோஸ் 107 கிலோமீட்டர் உயரம் வரை போய் அப்படியே இறங்கினார், அவர் பணம், அவர் ஆசை. சுக்லா போனது பூமியைச் சுற்றும் பாதைக்கு, அதற்கு மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர் வேகம் வேண்டும், அங்கிருந்து திரும்பும்போது நெருப்புக்குள் புகுந்து வர வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் விண்வெளிச் சுற்றுலா என்று சொல்லிவிட்டு விவாதம் செய்தால் எங்கே போய்ச் சேரும்?

உங்கள் கடிதத்துக்கு உடனே உட்கார்ந்து எழுதக் காரணம் வேறு. கொஞ்ச நாளாக எனக்கு ஒரு கசிவைப் பற்றித்தான் நினைப்பு.

சுக்லா ஏற வேண்டிய, ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியின் ஃபால்கன் 9 ராக்கெட் 2025 ஜூன் 11 அன்று கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. அதற்கு முன் ராக்கெட்டைத் தரையிலேயே பிடித்துவைத்து எஞ்சின்களை எரித்துப் பார்த்தபோது திரவ ஆக்சிஜன் கசிவது தெரிந்தது. அதை முழுசாகச் சரிசெய்யாமல் பறக்கக் கூடாது என்று அங்கே போயிருந்த நம் ஆட்கள் பிடிவாதமாக நின்றதாக இஸ்ரோ தலைவர் நாராயணன் பிறகு சொன்னார். அப்புறம் அவர்கள் போய்ச் சேர வேண்டிய சர்வதேச விண்வெளி நிலையத்திலும் ஒரு கசிவுப் பிரச்சினை சேர்ந்துகொள்ள, தள்ளித் தள்ளி, ஜூன் 25 அன்றுதான் கிளம்பினார்கள். ஜூலை 15 பத்திரமாகக் கடலில் வந்து இறங்கினார்கள். நூற்றுக்கணக்கான தடவை ராக்கெட் விட்ட கம்பெனி அது. அதன் எதிரில் நின்று, இன்னும் தன் ராக்கெட்டில் ஒரு மனிதனைக்கூட அனுப்பாத நாட்டின் ஆட்கள் 'வேண்டாம், முதலில் சரிசெய்யுங்கள்' என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னர், லேத்தில் இரும்பு கடைகிற வேலை. ஒன்பது பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறை. நான் காலேஜ் படித்துக்கொண்டிருந்த காலம், 1991 என்று நினைவு, நாலு கை மாறி அந்தப் பட்டறைக்கு ஒரு ஆர்டர் வந்தது, ராக்கெட் வேலை என்று சொன்னார்கள். நாற்பது புஷ், நடுவில் துளை போட்ட சின்ன உலோக உருளைகள். எந்த ராக்கெட், அதில் எந்த இடத்தில் போகிறது, யாருக்கும் தெரியாது, டிராயிங் மட்டும்தான் கையில். சாப்பாட்டு கேரியரோடு நான் போன அன்று அப்பா ஒவ்வொரு ஜாபாக எடுத்து, மைக்ரோமீட்டரில் பார்த்து, பிசிறு எடுத்து, கடைசியில் கட்டைவிரல் நகத்தைத் துளைக்குள் விட்டு மெல்ல இழுத்தார். நகம் இடறினால் அங்கே கோடு விழுந்திருக்கிறது. இரண்டு புஷ்ஷில் இடறியது. எனக்குக் கண்ணுக்கே தெரியவில்லை. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "எமரித் தாள் போட்டு இழுத்து அனுப்பிடுப்பா, யார் பார்க்கப் போறாங்க" என்றார். அப்பா ஒன்றும் பேசாமல் இரண்டையும் தினத்தாளில் சுற்றி, மேலே நீலப் பென்சிலில் 'ஆகாது' என்று எழுதித் தனியாக வைத்தார். சரக்கு இரண்டு நாள் தாமதமாகப் போனது. அந்தத் தீபாவளிக்கு அப்பாவுக்கு மட்டும் போனஸ் இல்லை. அம்மா அதை நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது கேட்டேன், "அதுல ஆளாப்பா ஏறப்போறான், எதுக்கு இவ்வளவு?" அப்பா சொன்னார்: "ஆள் ஏறினாத்தான் ஒழுங்கா செய்வியா?"

இன்றைக்கும் அதற்கு என்னிடம் பதில் இல்லை சகோதரி, ஆனால் ஒன்று தெரியும், எல்லாப் பட்டறையிலும் என் அப்பா இருக்க மாட்டார். ஆள் ஏறும் வண்டி என்று ஆகிவிட்டால் அவர் தன் சுபாவத்தால் செய்ததை எல்லாரும் சட்டத்துக்குப் பயந்தாவது செய்தாக வேண்டும். இஸ்ரோவின் மகேந்திரகிரி மையத்தில், மனிதனை மேலே அனுப்பும் நம் ககன்யான் திட்டத்துக்காக சி.இ.20 என்ற கிரையோஜெனிக் (கடுங்குளிர் எரிபொருளில் ஓடும்) எஞ்சினை ஆள் ஏறத் தகுதியாக்கினார்கள் அல்லவா, 2024 பிப்ரவரியில் அது முடிந்தது. நாலு எஞ்சின்களை 39 முறை எரித்துப் பார்த்தார்கள், மொத்தம் 8,810 விநாடிகள். தகுதிக்குத் தேவைப்பட்டது 6,350 தான். செயற்கைக்கோளை ஏற்றிக்கொண்டு அதே எஞ்சின் ஏற்கெனவே பறந்திருக்கிறது, அதுவே போதும் என்று விட்டிருக்கலாம். உச்சியில் மனிதன் உட்காரப் போகிறான் என்பதால் விடவில்லை. மேலே போகிறவர் அங்கே என்ன ஆராய்ச்சி செய்தார், என்ன பயிர் முளைக்க வைத்தார் என்றே எல்லாரும் கேட்கிறார்கள். அந்த ஒரு சீட்டுக்காகக் கீழே எத்தனை பட்டறையில் எத்தனை பேர் நகத்தை விட்டு இழுத்துப் பார்த்தார்கள் என்று ஏன் யாரும் கேட்பதில்லை?

தனியார் செய்தால் இது நடக்காதா என்றால், நடக்கும். எதிரில் 'வேண்டாம்' சொல்ல ஓர் ஆள் நின்றால் நடக்கும். போயிங்கின் ஸ்டார்லைனர் 2024 ஜூனில் சுனிதா வில்லியம்ஸையும் புட்ச் வில்மோரையும் கொண்டுபோய் விட்டது, கலத்தைத் திருப்பும் சின்ன உந்து எஞ்சின்களில் கோளாறு, ஹீலியம் கசிவு. நாசா அவர்களை அதில் திரும்ப ஏற்ற மறுத்து, கலத்தை ஆளில்லாமல் இறக்கியது. அவர்கள் 2025 மார்ச்சில் வேறு கம்பெனியின் கலத்தில் திரும்பினார்கள். எட்டு நாள் வேலை ஒன்பது மாதமானது, அதைப் பலர் அவமானமாகப் பேசினார்கள். எனக்கு அதில் ஓர் அவமானமும் தெரியவில்லை, இரண்டு பேர் உயிரோடு வீடு வந்தார்கள்.

நான் பயப்படுவது அந்த ஆள் இல்லாத இடத்துக்குத்தான். அமெரிக்காவில் 2004இல் ஒரு சட்டம் போட்டார்கள். தனியார் விண்கலத்தில் பயணியாக ஏறுகிறவரின் பாதுகாப்புக்கென்று அரசு இப்போதைக்கு விதி போடாது, ஆபத்து இன்னது என்று கம்பெனி எழுத்தில் சொல்ல வேண்டும், ஏறுகிறவர் தெரிந்தே சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். தொழில் கற்றுக்கொள்ளும் காலம் என்று அதற்குப் பெயர். எட்டு வருஷத்துக்கென்று ஆரம்பித்ததை நீட்டி நீட்டி இப்போது 2028 வரை கொண்டுவந்திருக்கிறார்கள். நம் ஊர் சைக்கிள் ஸ்டாண்டில் 'வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று போர்டு மாட்டியிருப்பார்களே, அதைப் படிக்கும்போது வரும் கோபம்தான் எனக்கு இதிலும் வருகிறது. 2014 அக்டோபர் 31இல் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தின் மேல் ஸ்பேஸ்ஷிப்டூ என்ற தனியார் விண்கலம் உடைந்து சிதறியது, வால் பகுதியை மடக்கும் அமைப்பின் பூட்டைத் துணை விமானி சில விநாடிகள் முன்னதாகத் திறந்துவிட்டார், இறந்துபோனார். ஒரு மனிதன் ஒரே ஒரு தப்புச் செய்தால் என்ன ஆகும் என்று வடிவமைத்தவர்கள் யோசித்திருக்கவில்லை என்று விசாரணை சொன்னது. 2023இல் கடலுக்கடியில் டைட்டன் என்ற தனியார் நீர்மூழ்கிக் கலம் நொறுங்கி ஐந்து பேர் போனார்களே, அதற்கும் வெளியிலிருந்து யாரும் சோதித்துத் தந்த சான்றிதழ் கிடையாது. கையெழுத்து வாங்கிய காகிதம் மட்டும் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டான் என்பதற்காக ஒருவன் உயிரை எமரி போட்டு இழுத்துவிட முடியுமா?

நம் நாட்டிலும் தனியார் ராக்கெட் வந்துவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட்டை விட்டது, எஞ்சினை ஒரே துண்டாக அச்சிட்டுச் செய்திருந்தார்கள், எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஆளை ஏற்ற இன்னும் எத்தனையோ காலம் ஆகும். ஆனால் விதி எழுத வேண்டிய காலம் அதற்கு முன்னால்தான், முதல் ஆள் இறந்த பிறகு இல்லை. அந்த 500 கோடியைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்குள் புளோரிடாவில் நின்று 'வேண்டாம்' சொல்லும் உரிமையும் அடக்கம், அதைச் சொல்லப் பழகிய ஆட்களும் நமக்குக் கிடைத்திருக்கிறார்கள். எனக்கு அது விலை அதிகமாகத் தெரியவில்லை.

உங்கள் மகள் படிப்பு விஷயம். ஏரோநாட்டிக்கலா மெக்கானிக்கலா என்பதைப் பிளஸ் டூ முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம், இப்போதே மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். கணக்கை மட்டும் விட வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்பாவின் மைக்ரோமீட்டர் என்னிடம்தான் இருக்கிறது, எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன், இன்னும் சரியாகக் காட்டுகிறது. ஒரு சனிக்கிழமை இரண்டு பேருமாகச் சேர்ந்து வாருங்கள். அப்பா எனக்கு முதலில் அளக்கச் சொல்லித் தந்தது என் தலைமுடியைத்தான், எழுபது மைக்ரான் இருந்தது. அவளுடையது எவ்வளவு இருக்கிறது பார்ப்போம்.

அன்புடன்