ஆர்சி 390-ஆ, அபாச்சி ஆர்ஆர் 310-ஆ?

இந்த இரண்டு ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் எதை வாங்கலாம் என்று கேட்டு, உயரம் ஐந்தடி நான்கு அங்குலம், தினமும் கோவை காந்திபுரம் டிராஃபிக், மாதம் ஒருமுறை கோத்தகிரி மலைப்பாதை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் என் ஓட்டு டிவிஎஸ் அபாச்சி ஆர்ஆர் 310-க்குத்தான். கேடிஎம் ஆர்சி 390-இன் 373 சிசி இழுவை தனி ருசி, மறுக்கவில்லை. ஆனால் அதன் சீட் உயரம் 824 மில்லிமீட்டர். சிக்னலுக்குச் சிக்னல் நுனிக்காலில் நிற்பீர்கள். ஆர்ஆரில் 810. ஹேண்டிலும் மணிக்கட்டை அவ்வளவாக வதைக்காது.

கால் முழுசாக ஊன்றியே ஆகவேண்டும் என்றால் கவாசாகி நிஞ்சா 300-ஐயும் பாருங்கள்: 785தான், இரட்டை சிலிண்டர், அதிர்வும் குறைவு.

டெஸ்ட் ரைடில் வேகம் பார்க்காதீர்கள். பின்னால் ஆளை உட்காரவைத்து, குறுகிய சந்தில் ஒரு யூ டர்ன் அடியுங்கள். அப்புறம், ஒரு பக்க ஃபேரிங் (வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறை) என்ன விலை என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள். நின்ற இடத்திலேயே ஒருதரம் வண்டியைச் சாய்த்தவன் சொல்கிறேன்!