தனுஷ்கோடி போய் வந்ததில் இருந்து டிராக்‌ஷன் கண்ட்ரோல் விளக்கு எரிகிறது. மெக்கானிக் ஏபிஎஸ் மாட்யூலை மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா? அதுவரை வண்டியை ஓட்டலாமா?

உங்கள் கேள்வியில் இரண்டு சங்கதி கலந்து கிடக்கிறது. தனுஷ்கோடி சாலையில் மணல் கிடந்த இடத்தில் விளக்கு மின்னி மின்னி அணைந்தது என்கிறீர்கள். ராமநாதபுரம் திரும்பிய சில நாளில் அதே விளக்கு, ஏபிஎஸ் (பிரேக்கை அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கையும் கூட்டிக்கொண்டு, அணையாமல் நின்று எரிகிறது என்கிறீர்கள். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டதால்தான் பேச்சு மாட்யூல் வரை, அதாவது ஏபிஎஸ்ஸை இயக்கும் பெட்டி வரை, போயிருக்கிறது. பிரித்துப் பார்ப்போம்.

கார் படமும் அதன் கீழே நெளிநெளியாக இரண்டு கோடும் உள்ள அந்த மஞ்சள் விளக்கு மின்னினால், அந்த நொடியில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நாலு சக்கரத்திலும் ஆளுக்கொரு சென்சார் இருந்து வேகத்தை எண்ணிக்கொண்டே இருக்கும். இன்ஜின் இழுக்கும் சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுழன்றால் அதற்குத் தரையில் பிடிப்பு இல்லை என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டும். உடனே அந்தச் சக்கரத்துக்கு மட்டும் லேசாக பிரேக் போடும், இன்ஜின் புல்லிங்கையும் குறைக்கும். ஆக்ஸிலேட்டர் மிதித்தும் வண்டி சோம்பல் காட்டுவது அதனால்தான். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோட்டின் மேல் மணல் ஊர்ந்துகொண்டே இருக்கும். மீன் வண்டிகளில் இருந்து ஒழுகும் தண்ணீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அங்கே விளக்கு மின்னாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். காலைக் கொஞ்சம் எடுத்துவிட்டு நிதானமாகப் போனால் அதுவே அணைந்துவிடும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அங்கே போகிற வெளியூர்க்காரர்களுக்கு உதவும். 2017-ல் அரிச்சல்முனைக்குத் தார் ரோடு திறப்பதற்கு முன்னால் மணலில் ஓட்டப் பழகிய ஜீப், வேன்காரர்கள்தான் ஆட்களை ஏற்றிப் போவார்கள். இப்போது எல்லாக் காரும் போகிறது, போட்டோ எடுக்க ரோட்டை விட்டு மணலில் இறக்கிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். சக்கரம் புதைந்த பிறகு டிராக்‌ஷன் கண்ட்ரோல் உதவாது, உபத்திரவம்தான். மணலில் இருந்து வெளியேறச் சக்கரம் கொஞ்சம் சுழன்றாக வேண்டும். இதுவோ சுழலச் சுழல இழுவையை வெட்டும். கியர் பக்கத்திலோ ஸ்டியரிங்குக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ அதே படம் போட்ட பட்டன் இருந்தால் அழுத்துங்கள், சில வண்டிகளில் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ‘ஆஃப்’ என்ற எழுத்தோடு விளக்கு எரியும். இன்ஜின் இழுக்கும் சக்கரத்துக்கு அடியில் பனை மட்டையோ வண்டிக்குள் காலடியில் கிடக்கிற ரப்பர் மேட்டோ போட்டு, வந்த தடத்திலேயே மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். தார் ரோடு ஏறியதும் பட்டனைத் திரும்ப அழுத்திவிடுங்கள். உங்கள் விளக்கு ‘ஆஃப்’ எழுத்தோடு எரிகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். பட்டனில் கை பட்டு ஆஃப் ஆகிக் கிடந்த வண்டியை ஒர்க்‌ஷாப் வரை கொண்டுபோனவர்கள் உண்டு. ஆனால் உங்களுக்கு ஏபிஎஸ் விளக்கும் எரிவதால் அதுவாக இருக்காது.

சரி, நின்று எரிகிற விளக்குக்கு வருவோம். டிராக்‌ஷன் கண்ட்ரோலுக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் தனித்தனி சென்சார் கிடையாது, இரண்டும் அந்த நாலு சக்கரச் சென்சாரை நம்பித்தான் இருக்கின்றன. ஒன்று ஒழுங்காகக் கணக்குச் சொல்லாவிட்டாலும் இரண்டும் சேர்ந்து ஒதுங்கிக்கொள்ளும், இரண்டு விளக்கும் எரியும். ஆகவே இரண்டும் ஜோடியாக எரிந்தால் முதல் சந்தேகம் சக்கரத்தின் பக்கம். நம் கரையில் இந்தச் சந்தேகம் இன்னும் பலம். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே உப்புக் காற்று அரித்து, 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்த வைத்தது. நம் வண்டியின் அடியில் தொங்குகிற சுண்டு விரல் அளவு சென்சாரை விட்டுவைக்குமா?

எங்கே அரிக்கும் என்று சொல்கிறேன். சென்சாரில் இருந்து வருகிற வயர், வண்டியின் உள் வயரிங்கோடு ஒரு கப்ளரில் சேரும். அதைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பித்தளைப் பின்னைச் சுற்றி பச்சைக் களிம்பு பூத்திருக்கும். விரலில் தொட்டால் மாவு மாதிரி ஒட்டும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, மின் இணைப்புக்கென்றே விற்கிற கிரீஸை ரப்பர் ஓரத்தில் லேசாகப் பூசி மாட்டினால் பல வண்டிகளில் கதை அங்கேயே முடிந்துவிடும். எமரி தாளைப் போட்டுப் பின்னைத் தேய்க்க விடாதீர்கள். மேல் பூச்சு போய்விட்டால் அடுத்த களிம்பு சீக்கிரம் ஏறும்.

இரண்டாவது இடம் சென்சார் உட்காரும் துளை. அங்கே துரு ஏறினால் சென்சாரை மெல்ல மேலே தூக்கிவிடும். சென்சாருக்கும், சக்கரத்தோடு சுழலும், அது படிக்கிற வளையத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி மிகக் குறைவு, அது கூடினால் சமிக்ஞை பலவீனமாகும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு. காய்ந்த ரோட்டில், வண்டி நிற்கப்போகும் கடைசி நேரத்தில், பிரேக் பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். அந்த மெதுவான வேகத்தில் பலவீனமான சென்சார், சக்கரம் நின்றுவிட்டதாகச் சொல்லும். ஏபிஎஸ் அதை நம்பி வேலை செய்ய ஆரம்பிக்கும். விளக்கு எரிவதற்கு முன்னால் உங்களுக்கு இப்படி நடந்ததா என்று யோசித்துப் பாருங்கள். நடந்திருந்தால் மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லுங்கள். துருப்பிடித்த சென்சாரை வெடுக்கென்று இழுத்தால் தலை கையோடு வந்துவிடும், முதல் நாளே துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிடச் சொல்லுங்கள்.

அண்மையில் வீல் பேரிங் மாற்றினீர்களா? நிறைய வண்டிகளில் அந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்கத்து சீலிலேயே காந்தமாகப் பதிந்திருக்கும், பார்த்தால் சாதாரண கறுப்பு ரப்பர் போலத்தான் தெரியும். பேரிங்கைத் திருப்பி அடித்துவிட்டால் சென்சார் எத்தனை புதிதாக இருந்தாலும் படிக்க ஒன்றும் இருக்காது.

இனி மாட்யூல். விலையில் சென்சாரைப் போலப் பல மடங்கு என்பதால், ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் அதற்குத் தலையாட்டாதீர்கள். போனோடு இணைகிற மலிவான ஓபிடி கருவி (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிப்பது) பெரும்பாலும் இன்ஜின் பக்கத்துக் கோளாறு எண்களை மட்டும் படித்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லும், அதை நம்ப வேண்டாம். ஏபிஎஸ் பகுதியைப் படிக்கிற ஸ்கேனர் வேண்டும். அதில் சி0035 என்று வந்தால் முன் இடது சக்கரச் சென்சார் பக்கம், சி0040 வந்தால் முன் வலது. சில கம்பெனிகள் சொந்தக் கோளாறு எண் வைத்திருக்கும், ஆனாலும் எந்தச் சக்கரம் என்று காட்டிவிடும். அதைவிட நல்ல சோதனை, வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே ஸ்கேனரில் நாலு சக்கர வேகத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. மூன்று 30 காட்டும்போது ஒன்று மட்டும் பூஜ்யத்தில் நின்றாலோ தாவித் தாவிக் குதித்தாலோ ஆள் அகப்பட்டுவிட்டது. நாலும் ஒழுங்காக ஓடி, கோளாறு எண் பம்ப் மோட்டார் என்றோ உள் வால்வு என்றோ சொன்னால், அப்போது மாட்யூலைப் பற்றிப் பேசலாம். அதற்கும் முன்னால் அதன் ஃபியூஸையும் எர்த் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அதுவரை ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். மஞ்சள் விளக்கு மட்டும் என்றால் ஓட்டலாம், பிரேக் பிடிக்கும். ஆனால் ஏபிஎஸ் இல்லாத வண்டியை ஓட்டுகிறோம் என்ற நினைப்பு வேண்டும். அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், பூட்டிய சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. மழையில் இடைவெளியைக் கூட்டுங்கள். சில வண்டிகளில் மேட்டில் பின்னால் உருளாமல் பிடிக்கிற வசதியும் கூடவே போய்விடும். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓரம் கட்டுங்கள், பிரேக் ஆயிலைப் பாருங்கள், ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். இன்ஜின் விளக்கோடு சேர்ந்து எரிந்தால் அது வேறு கதை. இன்ஜினில் கோளாறு என்றால் புல்லிங்கைக் குறைக்க முடியாது என்று டிராக்‌ஷன் கண்ட்ரோல் தானே ஒதுங்கும், அங்கே இன்ஜினைப் பார்த்தால் இதுவும் சரியாகும்.

தனுஷ்கோடி போய் வந்தால் அடிப்பாகத்தைக் கழுவச் சொல்வார்கள். சரியான யோசனைதான், ஆனால் எந்தத் தண்ணீரில் என்று கேளுங்கள். நம் பக்கத்தில் நிறைய போர் தண்ணீரே உவர்ப்பு, அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவின கணக்கு. நல்ல தண்ணீர் பிடிக்கிற இடமாகப் பார்த்து விடுங்கள். பிரஷர் கன்னை அந்தக் கப்ளர்களுக்கு நேராக வைத்து அடிக்க வேண்டாம் என்றும் பையனிடம் சொல்லிவிடுங்கள்.