மேக்கா, விண்டோஸா, லினக்ஸா? முதலில் அந்த ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய விண்டோஸ் 10 மடிக்கணினி. வாங்கி எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. விண்டோஸ் 11 இதில் ஏறாது என்று திரையிலேயே வருகிறது. மொழிபெயர்ப்பு என் தொழில். கூடவே இரண்டு சிறு நிறுவனங்களுக்கு எக்செலில் கணக்கு எழுதித் தருகிறேன். அந்தக் கணக்குக் கோப்பில் எனக்கு முன்பு இருந்தவர் எழுதிவைத்த மேக்ரோக்கள் நிறைய. மகள் தன் மேக்கைக் காட்டி, "இதையே வாங்கிக்கோம்மா, பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை" என்கிறாள். நண்பர் ஒருவர், லினக்ஸ் போட்டால் இதே கணினி இன்னும் ஐந்து ஆண்டு ஓடும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மகள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, நண்பர் சொல்வதிலும் இருக்கிறது. ஆனால் இருவருமே உங்கள் எக்செல் கோப்பைத் திறந்து பார்த்தவர்கள் இல்லை. எந்தக் கணினி உசத்தி என்ற வழக்கைக் கொஞ்சம் ஒத்திவைப்போம். உங்களால் எதை விட முடியாது என்பதிலிருந்து தொடங்கினால் பாதிக் குழப்பம் தானாகத் தீரும். உங்கள் கேள்வியில் அப்படி ஒன்று வெளிப்படையாகத் தெரிகிறது, அந்த மேக்ரோக்கள், அதாவது எக்செல் வேலையைத் தானாகச் செய்ய எழுதிய சிறு நிரல்கள். இன்னொன்று மறைந்திருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கெடு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவுசெய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆதரவு முடிந்த மறுநாள் கணினி ஒன்றும் நின்றுவிடாது. புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது, அவ்வளவுதான். அடுத்தவர் கணக்கைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு அந்த "அவ்வளவுதான்" சின்ன விஷயமில்லை.

விண்டோஸ் 11 ஏறாததற்கு உங்கள் கணினி மெதுவாகிவிட்டது காரணமாக இருக்காது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும்; இன்டெல் செயலி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். இவை அதன் நிபந்தனைகள். டிபிஎம் சில கணினிகளில் இருந்தும், கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் அணைந்து கிடக்கும். இயக்கிவிட்டாலே தடை நீங்கிவிடும். பணத்தை எடுப்பதற்கு முன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். செயலி ஏழாம் தலைமுறை என்றால் அந்த வழி அடைபட்டது.

இப்போது மேக்ரோவுக்கு வருவோம். மேக்கில் எக்செல் உண்டா என்றால் உண்டு. சொல்லப்போனால் எக்செல் பிறந்ததே மேக்கில்தான், 1985-இல். விண்டோஸுக்கு வந்தது 1987-இல். ஆனால் இன்று அந்த இரண்டும் அண்ணன் தம்பி போல. முகச்சாயல் ஒன்று, குணம் வேறு. சாதாரணக் கணக்கு, சூத்திரம், பிவட் அட்டவணை எல்லாம் இரண்டிலும் ஓடும். பெரிய தரவுகளை இணைத்து அலசும் பவர் பிவட் மேக்கில் கிடையாது. தாளில் பதிக்கும் ஆக்டிவ்எக்ஸ் என்ற விண்டோஸ் வகைப் பொத்தான்கள் வேலை செய்யாது. அக்சஸ் தரவுத்தளம் மேக்குக்கு வரவே இல்லை. மேக்ரோக்கள் எழுதப்படும் விபிஏ மொழி மேக்கிலும் இருக்கிறது, ஆனால் விண்டோஸின் உள்ளுறுப்புகளைக் கூப்பிடும் வரிகள் அங்கே பிழை காட்டி நின்றுவிடும்.

உங்கள் கோப்பு எந்த வகை என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். கோப்பைத் திறந்து ஆல்ட் விசையோடு எஃப்11 அழுத்துங்கள். நிரல் எழுதியிருக்கும் சாளரம் வரும். எழுதியது புரியாவிட்டாலும் பரவாயில்லை. தேடல் பெட்டியில் மூன்றைத் தேடுங்கள். ஒன்று, "கிரியேட்ஆப்ஜெக்ட்" (CreateObject) என்ற ஆங்கிலச் சொல். இரண்டு, "டிக்ளேர்" (Declare). மூன்று, "சி:" (C:) என்று தொடங்கும் கோப்புறை முகவரி. மூன்றாவது மட்டும் இருந்தால் முகவரியை மாற்றி எழுதிக்கொள்ளலாம், அரை நாள் வேலை. முதல் இரண்டும் அங்கங்கே தெறித்துக் கிடந்தால், மேக்ரோ தெரிந்த ஒருவரை உட்காரவைத்துத் திருத்த வேண்டியிருக்கும். எழுதியவர் இப்போது உங்களோடு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதைவிட நல்ல சோதனை வீட்டிலேயே இருக்கிறது. மகளின் மேக்கில் எக்செல் இருந்தால், கோப்பின் நகலை அதில் போட்டு, முடிந்துபோன ஒரு மாதக் கணக்கை முழுதாகச் செய்து பாருங்கள். திறக்கிறதா என்று பார்த்தால் போதாது. கடைசித் தொகை பழைய தொகையோடு பைசா பிசகாமல் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தேதிகளையும் பாருங்கள். பழைய மேக் எக்செல் நாளை 1904-லிருந்து எண்ணியது, விண்டோஸ் எக்செல் 1900-லிருந்து எண்ணுகிறது. இப்போது மேக்கிலும் புதிய கோப்புகள் 1900 கணக்கில்தான் பிறக்கின்றன. ஆனாலும் எந்தக் காலத்திலோ மேக்கில் தொடங்கிய கோப்பிலிருந்து தேதிகளை வெட்டி ஒட்டினால் அவை 1,462 நாள் நகர்ந்து நிற்கும், அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும். தவணைக் கெடு அப்படி நகர்ந்ததைக் கண்டுபிடிக்க ஒருவர் இரண்டு இரவு விழித்திருந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

"மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஓட்டலாமாமே" என்று யாராவது சொல்வார்கள். ஓட்டலாம். இன்டெல் மேக்குகளில் பூட் கேம்ப் என்ற வசதி இருந்தது; ஆப்பிள் தன் சொந்தச் சில்லுக்கு மாறியபின் அது இல்லை. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியைப் போல இயங்கும் பேரலல்ஸ் போன்ற மெய்நிகர் மென்பொருளுக்குள், ஆப்பிள் சில்லு சேர்ந்த ஏஆர்எம் செயலி வகைக்கான விண்டோஸ் 11-ஐ நிறுவலாம், 2023-இல் மைக்ரோசாஃப்ட்டே அதற்கு ஒப்புதல் தந்தது. நன்றாகவும் ஓடுகிறது. ஆனால் கூட்டிப் பாருங்கள்: ஒரு மேக், ஒரு மெய்நிகர் மென்பொருள், ஒரு விண்டோஸ் உரிமம், இரண்டு அமைப்புகளுக்கும் தனித்தனி இற்றைப்படுத்தல். ஒரே ஒரு கோப்புக்காக இவ்வளவும் என்றால், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்ற கதைதான்.

மறைந்திருக்கும் கேள்வி என்றேனே, அது உங்கள் மொழிபெயர்ப்பு மென்பொருள். வெறும் வேர்டு கோப்பில் வேலை செய்பவர் என்றால் கவலையே இல்லை. நிறுவனங்கள் டிராடோஸ் ஸ்டுடியோவில் வேலை அனுப்புகின்றன என்றால், அது விண்டோஸில் மட்டும் ஓடுவது. மெமோகியூவின் மேசைப்பதிப்பும் அப்படியே. ஒமேகாடி மூன்று அமைப்புகளிலும் ஓடும், இலவசமும்கூட. எதைப் பயன்படுத்தினாலும், சேர்த்துவைத்த மொழிபெயர்ப்பு நினைவகத்தை (முன்பு மொழிபெயர்த்த வாக்கியங்களின் சேமிப்பு), மற்ற மென்பொருள்களும் படிக்கும் டிஎம்எக்ஸ் வடிவில் ஏற்றுமதி செய்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் மாறலாம், பத்தாண்டு உழைப்பு அதோடு போய்விடக் கூடாது.

தமிழில் எழுதுவதில் இன்று பெரிய இடர் இல்லை. தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இருக்கிறது. ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகள் இருந்தால், மாறுவதற்கு முன்பே ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். கோப்புப் பெயர்களில் ஒரு நுணுக்கம் உண்டு. "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு ஒன்றும் கால் ஒன்றுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். மேக்கின் பழைய கோப்பு முறைமை பெயர்களை இரண்டாகப் பிரித்தே வைத்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் அங்கிருந்து வந்த "கொள்முதல்" கோப்பை விண்டோஸில் தேடினால் சில நேரம் அகப்படாது. கோப்பு தொலைந்துவிட்டது என்று பதற வேண்டாம், பெயரைப் புதிதாகத் தட்டினால் சரியாகிவிடும்.

மகள் தரப்பு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 2020 நவம்பரில் எம்1 சில்லோடு வந்த மேக்குகள் மடிக்கணினி பற்றிய எதிர்பார்ப்பையே மாற்றின. சத்தமில்லை, சூடு குறைவு, மின்கலம் நெடுநேரம் தாங்கும். மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. தொடுபலகைக்கு நிகரானதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காணொளி தொகுப்பவர் ஃபைனல் கட் புரோவும் இசை செய்பவர் லாஜிக் புரோவும் வேண்டுமென்றால் மேக்கைத் தவிர வேறு கணினி இல்லை. ஆனால் நினைவகமும் சேமிப்பும் வாங்கும் நாளில் எடுத்ததுதான், மடிக்கணினியில் பின்னால் கூட்ட வழியில்லை. பத்து வருஷம் என்பதும் கொஞ்சம் மிகை. எந்த மேக்குக்கு எந்த ஆண்டு வரை திருத்தம் வரும் என்று ஆப்பிள் முன்கூட்டியே அட்டவணை போடுவதில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய இன்டெல் மேக்கை மட்டும் எடுத்துவிடாதீர்கள்; மேக்ஓஎஸ் 26-தான் அவற்றுக்குக் கிடைக்கும் கடைசிப் பெரிய பதிப்பு. மேக்குக்கு வைரஸ் வராது என்பதும் பழங்கதை. 2012-இல் ஃபிளாஷ்பேக் என்ற தீநிரல் ஏறத்தாழ 6 லட்சம் மேக்குகளில் புகுந்தது.

கை பழகுவது பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. கன்ட்ரோல் விசை செய்த வேலையை மேக்கில் இடைவெளிப் பட்டைக்குப் பக்கத்திலுள்ள கமாண்ட் செய்யும். சுண்டுவிரல் பழக்கம் கட்டைவிரலுக்கு மாற வேண்டும். கோப்பைத் தேர்ந்து என்டர் தட்டினால் திறக்காது, பெயர் மாற்றக் கேட்கும். கோப்பை வெட்டி ஒட்ட முடியாது. நகலெடுத்து, ஒட்டும்போது ஆப்ஷன் விசையையும் சேர்த்து அழுத்தினால் இடம் மாறும். சிவப்புப் பொத்தான் பெரும்பாலும் சாளரத்தை மட்டும் மூடும், மென்பொருள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் அற்பம். ஆனால் கெடு நெருங்கிய மாலையில் இவை சேர்ந்து வந்தால் எரிச்சல் தலைக்கேறும். கணக்கு முடிக்கும் மாதத்தில் மாறாதீர்கள்.

நண்பரின் லினக்ஸ் யோசனை பழைய கணினிக்கு உயிர் கொடுக்கும், அதில் சந்தேகமில்லை. லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை யூஎஸ்பியில் ஏற்றி, எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றும் அந்த ஓட்டத்திலேயே இயங்கினால் நல்ல சகுனம். ஆனால் மைக்ரோசாஃப்ட் எக்செலின் நிறுவும் பதிப்பு லினக்ஸுக்குக் கிடையாது. அங்கே அதற்கு மாற்றாகக் கிடைக்கும் இலவச லிப்ரேஆபீஸ் விபிஏவை ஓரளவுதான் புரிந்துகொள்ளும். கணக்குக் கோப்பை அதன் தலையில் கட்ட நான் துணிய மாட்டேன்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், மேக் சோதனையில் தொகை ஒத்துப்போய், டிராடோஸ் போன்ற கட்டாயமும் இல்லையென்றால், மகள் பேச்சைக் கேட்பேன். வீட்டில் சந்தேகம் கேட்க ஆள் இருப்பது பெரிய வசதி. மேக்ரோ ஓரிடத்தில் முரண்டு பிடித்தாலும் விண்டோஸ் 11 கணினிதான் வாங்குவேன். வாங்கும்போது செயலியைக் கவனியுங்கள். இப்போது ஏஆர்எம் வகை விண்டோஸ் மடிக்கணினிகளும் விற்கின்றன, மின்கலம் நன்றாகத் தாங்குகிறது. ஆனால் பழைய வருடி (ஸ்கேனர்), அச்சுப்பொறி ஆகியவற்றைக் கணினியோடு பேசவைக்கும் இயக்கி நிரல்கள் அந்தச் சில்லுக்கென்று எழுதப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஏறாது. உங்களிடம் பழைய கருவிகள் இருந்தால் இன்டெல் அல்லது ஏஎம்டி செயலியே பத்திரம். பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, படிக்கவும் அகராதி பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதை உடனே செய்யாதீர்கள். பழைய கணினியை மூன்று மாதம் அப்படியே, இணையம் இல்லாமல், ஓரமாக வைத்திருங்கள். நான் ஒருமுறை மாறிய வாரமே பழையதை அழித்துக் கொடுத்துவிட்டேன். இரண்டாம் மாதம் ஒரு வாடிக்கையாளர் பழைய விலைப்பட்டியல் கேட்டபோதுதான், அது மேசைத்திரையில் இருந்தது, ஆவணக் கோப்புறையில் இல்லை என்று நினைவுக்கு வந்தது. நகலெடுக்கும் வெளிவட்டையும் பாருங்கள். அது என்டிஎஃப்எஸ் வடிவில் இருந்தால் மேக் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபேட் என்றால் இரண்டிலும் படிக்கலாம், எழுதலாம். வடிவம் மாற்றினால் வட்டில் உள்ளது அழிந்துவிடும் என்பதால் காலியான வட்டில் மட்டும் செய்யுங்கள். பழைய கணினியில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புத் திறவுகோலை, 48 இலக்கம், இன்றே எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். லினக்ஸ் நிறுவப் போகும் நாளில் அந்தக் கணினி முதலில் கேட்கக்கூடியது அதுதான்.