குளியலறையில் கேட்கும் ‘குளுக் குளுக்’

கேள்வி: மேல்வீட்டார் கழிப்பறையில் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் எங்கள் குளியலறைத் தரை வடிகாலில் ‘குளுக் குளுக்’ என்று சத்தம் எழுகிறது, பிறகு சாக்கடை நாற்றமும் வருகிறது. அடைப்பு எடுத்தும் பயனில்லையே?
– வாசகி, திருச்சி

பதில்: பெரும்பாலும் இது உங்கள் வீட்டு அடைப்பன்று, காற்றுக்கு வழியில்லாத குறை. சல்லடையைத் தூக்கிப் பாருங்கள்: பிளம்பர்கள் ‘நானி ட்ராப்’ என்று சொல்லும் கிண்ணத்தில் சுமார் 50 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், நாற்றத்துக்கு அதுவே கதவு. மேலிருந்து மொத்தமாக இறங்கும் நீர் தனக்குப் பின்னால் காற்றழுத்தத்தைக் குறைக்கும்போது, மொட்டைமாடியில் திறந்திருக்க வேண்டிய காற்றுக்குழாய் அடைபட்டிருந்தால், உங்கள் ட்ராப்பின் வழியாகவே காற்று இழுக்கப்படும். நீங்கள் கேட்பது அந்தக் குமிழிகளின் ஓசை. கிண்ணத்து நீர் உறிஞ்சப்பட்டுக் குறைவதால் நாற்றம் நுழைகிறது.

ஆகவே மாடிக்குச் சென்று குழாயின் வாயைப் பாருங்கள். கொசுவுக்காகக் கட்டிய வலையில் தூசியும் ஒட்டடையும் அப்பியிருக்கலாம். பெயின்ட் அடித்தவர்கள் செருகி மறந்த துணிப்பந்தைக்கூட நான் எடுத்திருக்கிறேன். வலையை மாற்றிய பின்னும் சத்தம் நிற்காவிட்டால், பொதுக்குழாயையும் கீழே அது வந்து சேரும் சேம்பரையும் (மூடி போட்ட கழிவுநீர்க் குழி) குடியிருப்போர் சங்கத்தின் மூலம் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஆசிட் ஊற்ற வேண்டாம். காற்றுக்குறையை அது தீர்க்காது. அதுவரை சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும் தரை வடிகாலில் ஒரு குவளை நீர் ஊற்றி வந்தால் நாற்றமாவது அடங்கும்.